அலை கட்டியவள்

ஓடைக்கரைப்பட்டியில் ஓடையும் கிடையாது, கரையும் கிடையாது, பட்டி மட்டும்தான் பாக்கி என்று மினிபஸ் கண்டக்டர்கள் கேலி பேசுகிற அந்த ஊரில், வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தீப்பெட்டி ஆபீஸில் காலைச் சங்கு ஊதின கையோடு, வடக்குத்தெரு நுழைவாயில் வளைவுக்குக் கீழேயிருந்து நீலச்சட்டை போட்ட ஆறு சிப்பாய்களும் தெற்குத்தெரு வளைவுக்குக் கீழேயிருந்து சிவப்புச்சட்டை போட்ட ஆறு சிப்பாய்களும் புறப்பட்டு, மெயின் ரோட்டில் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். முழங்கால் உயரம்தான் இருந்தார்கள். முன்னால் போன மூன்று பேர் கையில் தடி, பின்னால் வந்த மூன்று பேர் கையில் கவண். ஊர் நடுவே சைக்கிள் கடை வாசலில் சந்தித்து, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல், ஏன் எதற்கென்று கேட்காமல், ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு செத்தார்கள். செத்த இடத்தில் ஆளுக்கொரு ஈரத்திட்டு கிடந்தது. அது காய்வதற்குள் இரண்டு வளைவிலிருந்தும் அடுத்த ஆறு ஆறு பேர் அடுத்த அலையாகப் புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

ஊர் பதறியது முதல் நாள் மட்டும்தான். பதினைந்து வருஷமாக ஒழுங்கான மழையைக் கண்ணால் பார்த்தறியாத சனங்களுக்கு அதிசயப்படுகிற சக்தியும் வற்றிப்போயிருந்தது. முதல் நாள் மினிபஸ் நின்றது; இரண்டாம் நாள் அலைக்கும் அலைக்கும் நடுவே வண்டியை நுழைத்து ஓட்ட டிரைவர் பழகிக்கொண்டார்; மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வாசலில் உட்காரவைத்து, போகிற வருகிற தலைகளைக் காட்டி ஆறாம் வாய்ப்பாடு நடத்தினார். அரை நிமிஷத்துக்கு ஒரு அலை, காலைச் சங்கிலிருந்து சாயங்காலச் சங்கு வரைக்கும். ஒரு வாரத்தில் ஊரில் கடிகாரம் பார்க்கிற ஆளில்லை. இருபது அலைக்கு இட்லி வெந்தது. 'ரெண்டு அலை பொறு, வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போனவன் வழக்கம்போல இருநூறு அலை கழித்து வந்தான். வெறுங்காலோடு நடக்கிறார்களே என்று பாவம் பார்த்து யாரோ குட்டிக் குட்டியாகச் செருப்பு வாங்கிவந்து ரோட்டில் வரிசையாக வைத்தார்கள். சிப்பாய்கள் அதை மிதித்துக்கொண்டு போய்ச் செத்தார்கள். மாதம் ஒன்று ஆவதற்குள் அந்தப் பாவமும் தீர்ந்துபோயிற்று.

முதல் நாளே இதையெல்லாம் பார்த்துக் கொஞ்சமும் ஆச்சரியப்படாதவள் வடக்குத்தெருத் தங்கபுஷ்பம் ஒருத்திதான். அவளுக்கு வயது முப்பத்திமூன்று. வீட்டிலிருந்தபடி தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டுகிறவள். இந்தச் சிப்பாய்களை அவள் பத்து வருஷமாகச் செல்போனுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்படித்தான் வருவார்கள், இப்படித்தான் சாவார்கள். விளையாடுகிறவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துவார்கள். வாசலில் நின்று முதல் அலையைப் பார்த்தபோது, 'முன்னால தடிக்காரன், பின்னால கவண்காரன், சரியாத்தான் வருது' என்று மட்டும் நினைத்தாள், உள்ளே போய் அட்டையை எடுத்தாள்.

அந்த ஆட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அக்கா ரஞ்சிதம். வீட்டுப் பின்னறையில் ஒரே தலையணையில் இருவரும் தலைவைத்து, ஒரே போனை மாற்றி மாற்றி விளையாடிப் பழகினார்கள். 'அடிக்கிறது பெருசு இல்ல புசுப்பு, அடிக்காம நிக்கிறதுதான் ஆட்டம்' என்பாள் ரஞ்சிதம். அப்படிச் சொன்னவள் எட்டு வருஷத்துக்கு முன்னால் தெற்குத்தெரு மாரிச்செல்வத்தோடு போய்விட்டாள். வடக்குத்தெருக்காரர்கள் தெற்குத்தெருவில் கை நனைப்பதில்லை. அங்கே பெண் போனால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். அய்யா கிணற்றடியில் உட்கார்ந்து மகளைத் தலைமுழுகினார். நம்பரை மாற்றினார், போட்டோவைக் கிழித்தார், ரேஷன் கார்டில் பெயரை அடித்தார். செல்போனுக்குள் ஒரு ஆட்டம் இருக்கிறது, அதற்குள்ளே 'கருவாட்டுச்சிங்கம்' என்ற பெயரில் மகள் இன்னும் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. எட்டு வருஷமாக மத்தியான வேளையில் அக்காளும் தங்கையும் அங்கேதான் ஒரே கட்சியில் நின்றார்கள். நல்லது கெட்டது எதையும் பேசிக்கொள்ளவில்லை. 'மேலே வா', 'பின்னால போ', 'விடாதே' என்பதுதான் பேச்சு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஓடிப்போனவளுடைய தங்கை என்பதால் புஷ்பத்துக்கு ஒரு மாப்பிள்ளையும் வரவில்லை. கல்யாண வீட்டில் அவளைக் கூப்பிட்டு மணவறைப் பக்கம் உட்காரவைத்தவர்கள் இல்லை. அக்கா மேல் அவளுக்குப் பிரியமும் இருந்தது, ஆறாத கோபமும் இருந்தது. இரண்டும் ஒரே பானையில் கிடந்து ஊறின.

தண்ணீர் வருகிற விஷயத்தை முதல் வாரக் கடைசியில் கண்டுபிடித்தவள் வடக்குத்தெருப் பேச்சியம்மாள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காற்று மட்டும் வருகிற குழாயடியிலிருந்து திரும்பியவளின் காலை ஒரு சிவப்புச்சட்டை மிதித்துவிட்டான். ஏற்கெனவே அடிபட்டுக் குற்றுயிராக இருந்தவன் தலையில், 'கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு' என்று ஒரு தட்டுத் தட்டினாள். அவன் செத்தான். இடுப்பிலிருந்த குடம் கனத்தது. எட்டிப் பார்த்தால் ஒரு செம்புத் தண்ணீர், உப்புக் கரிக்காத தண்ணீர், ஆற்றுத் தண்ணீர். மத்தியானத்துக்குள் ஊரே குடமும் கையுமாக ரோட்டில் நின்றது.

விதிகளை ஊர் தானாகப் படித்துக்கொண்டது. கடைசி அடி யார் அடிக்கிறார்களோ அவர்கள் குடத்துக்குத்தான் தண்ணீர். சிப்பாய்க்குச் சிப்பாய் அடித்துச் செத்தால் ஈரத்திட்டோடு போச்சு. வடக்குத்தெருக்காரர் சிவப்பை அடிக்கலாம், தெற்குத்தெருக்காரர் நீலத்தை அடிக்கலாம், மாற்றி அடித்தால் கைதான் வலிக்கும். எதிர்ச் சிப்பாய் வளைவுக்குக் கிட்டே போனால் வளைவின் உச்சியிலிருந்து செங்கல் விழுந்து சாவான், அதிலும் யாருக்கும் பிரயோசனம் இல்லை. கடைசியாக ஒரு விதி: ஒரே அடுப்பில் சோறு பொங்கித் தின்கிறவர்களுக்குள் அந்தத் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், அடுத்த அடுப்புக்காரருக்கு ஊற்றினால் அது நடுவழியிலேயே மணலாகிவிடும்.

ஆக, ஊர் முழுக்க ஒரே அடுப்பில் பொங்கினால் ஒருத்தர் அடித்தாலும் ஊர் முழுக்கக் குடிக்கலாம். இந்தக் கணக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். விளங்கியதால்தான் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இதற்கிடையில், உள்ளூரிலேயே நீராதாரம் ஏற்பட்டுவிட்டதால் வாரம் ஒருமுறை வரும் தண்ணீர் லாரி நிறுத்தப்படுகிறது என்று தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. அதைப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டினார்கள்.

ஆரம்பத்தில் இரண்டு தெருவும் முரட்டுத்தனமாகத்தான் அடித்தன. உலக்கை, மண்வெட்டி, கிரிக்கெட் மட்டை, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு பாய்ந்தார்கள். அதிகம் கொன்றவர்கள் பக்கம் அலை நிற்காமல் எதிர்ப்பக்கம் உருண்டு போய்விடுவது அவர்களுக்குப் புரியவில்லை. எதிரியைக் கொன்று தீர்த்தால் நம் ஆட்கள் மிஞ்சுவார்கள். மிஞ்சினவர்கள் சும்மா நிற்கமாட்டார்கள், எதிர்த்தெரு வாசல்வரைக்கும் நடந்து போய் அவர்கள் கைக்கு வசதியாகச் சாவார்கள். இன்றைக்கு அதிகம் கொன்ற தெரு நாளைக்குக் காய்ந்தது. இப்படி மாறி மாறி ஒரு மாதம்.

ஆனி மாதம் ஒரு நாள், கோயில் கமிட்டித் தலைவர் திருமலைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, 'அடிங்கடா, ஒண்ணுவிடாம அடிங்க' என்று கத்திக்கொண்டிருந்தபோது, அட்டை ஒட்டின பசை காயாத கையோடு புஷ்பம் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"என்னத்தா சொல்லுத? அடிக்காம தண்ணி எப்படி வரும்?"

"சாகப்போற நேரத்துல மட்டும் ஒரு தட்டு. அது வரைக்கும் குடத்தப் புடிச்சுக்கிட்டுச் சும்மா நிக்கணும். செவப்புல எப்பவும் மூணு பேரக் கூடுதலா உசுரோட விடணும். அந்த மூணு பேருதான் அலைய நம்ம வளைவு வரைக்கும் தள்ளிக்கிட்டு வருவாங்க. வளைவுக்கு ஏழு அடி முன்னால வந்ததும் கட்டிப்புடலாம்."

"எதைக் கட்ட?"

"அலைய. அங்கனயே நிக்கும். நாம வாசப்படியில நின்னு தட்டிக்கிடலாம். அவுக நம்ம வளைவு வரைக்கும் வந்து அடிக்க முடியுமா, நம்மாளுக விடுவாங்களா? நம்ம நீலம் எல்லாம் இங்கனயே செத்துரும். அவுகளுக்கு ஒரு சொட்டும் போகாது."

திருமலைச்சாமி அவளை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். "இது யாரு, சங்கரலிங்கம் மகதானே? அந்தச் சின்னவ?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். எட்டு வருஷத்தில் அந்தத் தெரு ஓடிப்போனவளின் பெயரைச் சேர்க்காமல் அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் அலையைக் கட்டினாள். அடுத்த அலையின் நீலங்கள் வந்து சேருகிற வரைக்கும் அந்த மூன்று சிவப்புகளின் அடியை யாராவது வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வளைவுக்குள் போய்ச் செங்கல் பட்டுச் சாவார்கள், கட்டு அறுந்துபோகும். அதற்கும் அவளே நின்றாள். முழங்காலுக்குக் கீழே தடியடியாக விழுந்து தோல் கன்றிக் கறுத்தது. அவள் அசையவில்லை. வளைவுக்கு ஏழு அடி முன்னால் அலை வந்து நின்றது, நின்றது நின்றபடியே பத்து மாதம் நின்றது.

பத்து மாதத்தில் புஷ்பத்துக்கு நடந்ததைக் கேளுங்கள். ரோட்டு ஓரத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், மேலே கோயில் குடையை விரித்தார்கள். அவள் விரலைத் தூக்கினால் எண்பது வீட்டுப் பெண்கள் கையை ஓங்கினார்கள், மடக்கினால் இறக்கினார்கள். கல்யாண வீடுகளுக்கு அவளை முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள். திருமலைச்சாமியே தன் ஒன்றுவிட்ட தம்பிக்கு, பெண்டாட்டியை இழந்தவன்தான் என்றாலும் கவர்மெண்ட் வேலைக்காரனுக்கு, அவளைப் பெண் கேட்டு வந்தார். அய்யா தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். வடக்குத்தெருவில் ஆட்கள் தினமும் குளித்தார்கள், மாடுகளைக் குளிப்பாட்டினார்கள், வேண்டுமென்றே ரோட்டில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். இதிலெல்லாம் புஷ்பத்துக்குச் சந்தோஷம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

தெற்குத்தெருவுக்கு நடந்தது வேறு. விடிந்ததும் ஆறு கிலோமீட்டர் நடந்து, கல் உடைத்த பள்ளமான கல்கிடங்குக்குப் போனார்கள், பச்சை நிறத்தில் தேங்கிக் கிடந்ததை வடிகட்டிக் கொண்டுவந்தார்கள். மாடுகளை விற்றார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறியது. மிச்சமிருந்த முப்பது குடும்பத்தில் ரஞ்சிதத்தின் குடும்பமும் ஒன்று.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் புஷ்பம் போனில் ஆட்டத்தைத் திறந்தபோது கருவாட்டுச்சிங்கம் எழுதியிருந்தது: 'விடு புசுப்பு. ஒரு நாளைக்காவது விடு.' எட்டு வருஷத்தில் ஆட்டத்துக்கு வெளியே உள்ள ஒன்றை அக்கா எழுதியது அதுதான். புஷ்பம் 'நீ போகும்போது என்னை நெனச்சியா' என்று எழுதினாள், அழித்தாள், ஆட்டத்தை மூடினாள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

மாசி கடைசியில் அவள் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்தாள். கல்கிடங்கிலிருந்து திரும்பும் வரிசையில், வடக்கு வளைவைக் கடந்து போகும்போது, ஆறு வயசுப் பிள்ளை ஒன்று இடுப்பில் பிளாஸ்டிக் சொம்போடு நின்று, நாற்காலியில் இருந்த அவளையே பார்த்தது. ரஞ்சிதத்தின் நெற்றி, ரஞ்சிதத்தின் கண். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. பின்னால் வந்த யாரோ, "தேனு, நட" என்று தள்ளினார்கள். பிள்ளை போய்விட்டது. அன்றைக்குப் புஷ்பம் விரலைத் தூக்குவதில் இரண்டு தடவை பிசகினாள், இரண்டு சிவப்புகள் வீணாகச் செத்தார்கள், ஒருவரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனிப் பொங்கல் வந்தது. கொடி ஏறின அன்று திருமலைச்சாமி கமிட்டியைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார்.

"இந்தப் பொங்கலுக்கு அவங்க வளைவ இடிச்சுப்புடணும் தாயி. இம்புட்டு நாளு கட்டி வச்சிருக்கோம், இனி அவங்கட்ட என்ன இருக்கு? எல்லாரும் ஒண்ணா எறங்கி அடிச்சா நம்ம படை நேரா போயி முட்டிரும். நீ என்ன சொல்லுத?"

முட்டாது என்பது அவளுக்குத் தெரியும். முப்பது நாற்பது நீலங்கள் ஒரே கூட்டமாய் ஓடிப் போய்த் தெற்கு வளைவின் செங்கல்களுக்கடியில் நசுங்கும். எதிர்ப்பக்கம் சிவப்புகள் பெருகி நிற்கும். அங்கே விவரம் தெரிந்த ஒரு ஆள் இருந்தால், மூன்று நீலத்தை மிச்சம் வைத்து அலையை அங்கேயே கட்டிவிடலாம். அங்கே ஒரு ஆள் இருந்தது. ஊரில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"உங்க இஷ்டம் மாமா" என்றாள். அவள் செய்த துரோகம் அவ்வளவுதான். வேண்டாமென்று சொல்லவில்லை.

அவர்கள் போனதும் எட்டு மாதத்துக்குப் பிறகு ஆட்டத்தைத் திறந்தாள். 'நாளைக்கு வருது. மூணை விட்டுட்டுக் கட்டு. பத்து நாளு குடிங்க. அப்புறம் விட்டுரு.' ஒரு நொடியில் பதில் வந்தது: 'சரி புசுப்பு.'

மறுநாள் வடக்குத்தெரு திரண்டது. மேளம் ஒலித்தது. ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டவர்கள், ஆளுக்கு நூற்றியெட்டு அடி என்று சபதம் போட்டவர்கள், வெளியூரிலிருந்து திருவிழாவுக்கு வந்த மருமகன்கள், எல்லோரும் மனம்போல அடித்தார்கள். குடங்கள் வழிந்தன. நீலப்படை நாற்பதாகி, ஐம்பதாகி, ரோடு நிறையத் தெற்கே போனது. சனம் குலவையிட்டது. தெற்கு வளைவிலிருந்து ஏழெட்டுச் செங்கல் பெயர்ந்ததென்னவோ உண்மை. ஐம்பது பேரும் அங்கேயே ஈரமாகிப் போனதும் உண்மை. அதற்குப் பிறகு அலை வடக்கே திரும்பவில்லை. திருவிழா முடிந்து கொடி இறங்கினபோதும் திரும்பவில்லை. வடக்குத்தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு காலிச் சாலையில் நின்று தெற்கே எட்டிப் பார்த்தார்கள். அங்கே வளைவுக்கு ஏழு அடி முன்னால் அலை நின்றது.

பத்து நாள் ஆயிற்று. பதினைந்து நாள் ஆயிற்று. புஷ்பம் எழுதினாள், கருவாட்டுச்சிங்கம் பதில் எழுதவில்லை. குடையைக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், நாற்காலியும் போயிற்று, திருமலைச்சாமியின் ஒன்றுவிட்ட தம்பிக்கு வேறு இடத்தில் பெண் பார்த்திருப்பதாகச் சொன்னார்கள். இப்போது கல்கிடங்குக்கு நடந்தது வடக்குத்தெரு. ஏற்கெனவே அடிவரைக்கும் சுரண்டிய கிடங்கு, குடத்துக்கு மூன்று விரல் சேறு கொடுத்தது.

தெற்குத்தெருவிலிருந்து ஒரு சேதி மட்டும் வந்தது, மினிபஸ் கண்டக்டர் வாய்வழியாக. அங்கே தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரே அடுப்பு மூட்டிவிட்டார்களாம், யார் வந்து ஒரு பிடி அரிசி போட்டாலும் அந்த அடுப்பாம், வடக்குத்தெருக்காரர்களும் வரலாமாம். இதைக் கேட்டு வடக்குத்தெரு காறித் துப்பியது. துப்புவதற்கு எச்சில் இல்லாதவர்களும் துப்பினார்கள்.

இருபத்தைந்தாம் நாள் அய்யா எழுந்திருக்கவில்லை. எழுபது வயசு, நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. புஷ்பம் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"அய்யா, கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறேன். அக்கா வீட்டுல ஒரு வாய் சோறு. தண்ணி குடிச்சுட்டு வந்துருவோம்."

"எந்த அக்கா?" என்றார் அய்யா. "எனக்கு ஒரு மகதான்."

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். தெற்கே நடந்தாள். சைக்கிள் கடையைத் தாண்டின பிறகு உள்ள ரோட்டில் அவள் எட்டு வருஷமாகக் கால் வைத்ததில்லை. அவளுடைய நீலச்சட்டைகள் அவளை முந்திக்கொண்டு சாகப் போனார்கள்.

ரஞ்சிதம் வளைவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி, குடை ஒன்றும் இல்லை. முழங்காலுக்குக் கீழே இருவருக்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தது. தங்கையைக் கண்டதும் பக்கத்திலிருந்தவளை அடிவாங்க நிறுத்திவிட்டு வந்தாள்.

"பத்து நாளுன்னு சொன்னேன்ல?" என்றாள் புஷ்பம். அழுகை வந்தது, கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"விட்டா, நாளைக்கே நீங்க கட்டுவீங்க."

"நான் கட்டமாட்டேன்."

"நீ கட்டமாட்ட. ஆனா கட்டுறது எப்படின்னு எண்பது வீட்டுக்குச் சொல்லிக்குடுத்துட்ட." ரஞ்சிதம் குரலை உயர்த்தவில்லை. "நான் என்ன பூட்டியா வச்சிருக்கேன் புசுப்பு? அடுப்பு எரியுது. உங்க தெரு மொத்தமும் வந்து தின்னு குடிக்கட்டும். நீங்க பத்து மாசம் எங்களுக்கு இதைச் சொன்னீங்களா?"

சொல்லவில்லைதான்.

"அய்யாவுக்கு நாக்கு இழுத்துருச்சு" என்றாள் புஷ்பம்.

ரஞ்சிதம் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "தூக்கிட்டு வா. நானே வந்து தூக்குறேன்னா உள்ள விடுவாரா?"

"விடமாட்டாரு."

"நீயாவது வா. நீ பிழைச்சாத்தான் அவரைப் பாக்க ஆளு உண்டு."

மைதானத்தில் பெரிய அண்டாவில் உலை கொதித்தது. ரஞ்சிதம் சுளகை நீட்டினாள். புஷ்பம் ஒரு பிடி அரிசி அள்ளினாள். உலையில் போட்டாள், அரிசி கொதியில் விழுந்து மேலே வந்தது. சுற்றி நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். சோறு வடித்ததும் அவளுக்குத்தான் முதல் தட்டு. பிசைந்து வாயில் வைத்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்த எதுவும் நடக்கவில்லை, சோறு சோறாகத்தான் இருந்தது. எனக்கு முடிகிறதே, இவ்வளவுதானே இது என்று நினைத்தாள். அய்யாவையும் ஏமாற்றியாவது கூட்டிவந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். அந்த ஒரு நிமிஷம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

தேனு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தது. வழியில் தளும்பியதைச் சிந்தவிடாமல் வாய்வைத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "சித்தி, இந்தாங்க" என்று நீட்டியது.

இருபத்தைந்து நாள் தாகம். புஷ்பம் இரண்டு கையாலும் வாங்கினாள். வீட்டில் அவள் டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிக் குடிக்கிறவள்தான். அங்கே அவள் யோசிக்கவில்லை, முடிவெடுக்கவில்லை, மனசாரச் சொல்லலாம் அவள் ஒன்றுமே நினைக்கவில்லை. கை தன்னால் டம்ளரை நெற்றிக்கு மேலே உயர்த்தியது, தலை தன்னால் அண்ணாந்தது, வேற்றுத்தெரு வீட்டில் தண்ணீர் குடிக்கும்போது வடக்குத்தெருவில் எல்லோரும் எப்படிக் குடிப்பார்களோ அப்படி, உதட்டில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினாள்.

மணல் விழுந்தது. தொண்டை நிறைய விழுந்தது.

அவள் குனிந்து இருமித் துப்பினாள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் ஏசவில்லை. வடக்குத்தெருக்காரர் தங்கள் முன்னால் அண்ணாந்து குடிப்பது அவர்களுக்குப் புதிதில்லை.

"ஏம்மா சித்திக்கு மட்டும் மண்ணு வருது?" என்று தேனு கேட்டது. "நான் குடிச்சப்போ தண்ணியாத்தான இருந்துச்சு?"

ரஞ்சிதம் டம்ளரை வாங்கி, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைத் தங்கையிடம் நீட்டினாள். "வாய வச்சுக் குடி, புசுப்பு" என்றாள். அதை அவள் கெஞ்சித்தான் சொன்னாள்.

புஷ்பம் வாங்கினாள். வைக்கத்தான் நினைத்தாள். அய்யாவை நினைத்தாள், வைத்துவிட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டம்ளர் உதட்டுக்கு நாலு விரல் தள்ளி வந்து நின்றது. அதற்கு மேல் கை வரவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது, அதில் அவள் முகம் தெரிந்தது, மைதானத்தில் முப்பது குடும்பமும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.